கழுதைகள் இல்லாத சனிக்கிழமை

பிறிச்சாட் துரைக்கு மன்னாரில் நினைவுக்கல் வைப்பதென்று முடிவானபோது, அவர் யாரென்று தெரிந்த ஒரே ஆள் பாடசாலையில் படிப்பிக்கும் துஷ்யந்தி ரீச்சர்தான். கல்லுக்குச் சீமெந்து கொடுத்த முனவ்வருக்குத் தெரியாது. திரையை விலக்கி வைக்கச் சம்மதித்த பெரியவர்களுக்குத் தெரியாது. கோட்டைக்குப் பக்கத்தில், கல் வரப்போகிற அதே இடத்தில் காலகாலமாகப் படுத்துக் கிடக்கும் கழுதைகளுக்கும் தெரியாது. ஆனால் துரையோடு நேரடிச் சம்பந்தம் உள்ளவர்கள் யாரென்று பார்த்தால் அந்தக் கழுதைகள்தான். இந்த ஒரு விஷயத்தைத்தான் ரீச்சர் ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

எட்மண்ட் பிறிச்சாட் விக்டோரியா மகாராணி காலத்தில் மன்னாருக்குச் சுங்க அதிகாரியாக வந்தவர். கப்பல் வந்தால் ஏறிப் பார்த்து வரி விதிப்பது அவருடைய வேலை. கப்பல் வருவதோ குறைவு. இப்படியான இடத்துக்கு அனுப்பப்பட்ட மற்ற அதிகாரிகள் குடித்தார்கள், அல்லது மாற்றம் கேட்டு மேலே எழுதினார்கள். பிறிச்சாட் வண்டுகளைப் புரட்டிப் பார்த்தார்.

புரட்டிப் பார்த்தார் என்பதைச் சும்மா சொல்லவில்லை. அந்தக் காலத்தில் பூச்சிகளை வகைப்படுத்தியவர்கள் பெரும்பாலும் முதுகைப் பார்த்தே பிரித்தார்கள். கறுப்புக்கு ஒரு பெட்டி, பச்சைக்கு ஒரு பெட்டி, புள்ளி போட்டவற்றுக்கு இன்னொரு பெட்டி. பிறிச்சாட் ஒவ்வொரு வண்டையும் மல்லாக்கப் போட்டு, முன்காலில் இருக்கும் பற்களைப் பார்த்தார். மண் தோண்டும் வண்டுக்கு அந்தப் பற்கள்தான் மண்வெட்டி. ஒரு வண்டு எந்தக் குடும்பம் என்பதை அதன் உடுப்பு சொல்லாது, அதன் மண்வெட்டி சொல்லும் என்று அவர் எழுதினார். அவருக்குப் பிறகு வந்தவர்கள் அதை முதலில் சிரித்தும், பிறகு பெயர் சொல்லாமலும் ஏற்றுக்கொண்டார்கள்.

வண்டுகளை இத்தனை நுட்பமாகப் பிரித்த மனிதருக்குத் தன் வீட்டு வேலைக்காரர் இரண்டு பேரைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டு பேரும் தங்கள் பெயர் அந்தோனி என்றார்கள். இவர்கள் சேர்ந்து என்னை ஏமாற்றுகிறார்கள் என்று துரை சீமைக்கு எழுதினார். மன்னாரில் கோயில் வாசலில் நின்று அந்தோனி என்று கூப்பிட்டால் பாதிச் சனம் திரும்பிப் பார்க்கும் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல ஆள் இருக்கவில்லை. வண்டுகளைத் தேடிப் பிடித்து வந்ததும் இந்த அந்தோனிகள்தான். துரை கையுறை போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தபடி வாங்கிக்கொள்வார். புத்தகத்தில் இரண்டு அந்தோனிகளும் இல்லை.

புத்தகத்தில் இல்லாத இன்னொன்றும் உண்டு. அவர் கண்டுபிடித்தவற்றுள் பேர்போன வண்டு, முன்காலில் நாலு பல் உள்ளது, பார்வைக்குப் புளியங்கொட்டை மாதிரி இருக்கும். அதன் லத்தீன் பெயரிலேயே மன்னார் இருக்கிறது. அது வாழ்வது கழுதை விட்டையில். மாரி மழை தொடங்கியதும் வெளியே வந்து, விட்டைக்கு அடியில் குழி தோண்டி, விட்டையை உருட்டி உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும். ஆனால் பிறிச்சாட் பாதிரியாரின் மகன். புத்தகத்தைச் சீமாட்டிகளும் படிப்பார்கள் என்று யோசித்திருக்கிறார். ஆகவே, 'கோட்டைக்கு அருகே, மணலில்' என்று எழுதிவிட்டார்.

அதற்குப் பிறகு உலகத்தின் பெரிய பெரிய நிபுணர்கள் வந்து கோட்டைக்கு அருகே மணலை அரித்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு, விட்டைகளைத் தாண்டித் தாண்டிப் போய், சுத்தமான மணலாகப் பார்த்து அரித்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரேயொரு வண்டை வைத்துக்கொண்டு துரை கதை விட்டிருக்கிறார், அது வேறெங்கோ பிடித்ததாக இருக்கும் என்று பேச்சு எழுந்தது.

துஷ்யந்தி ஒரு மாரிக் காலையில் பாடசாலைக்கு நடந்து போகும்போது அந்த வண்டைக் கண்டாள். குனிந்து, பாடசாலை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தாள். நாலு பல். அதன்பிறகு பத்து வருடமாக ஒவ்வொரு மாரிக்கும் கோட்டைப் பக்கத்தால் சுற்றிக்கொண்டுதான் பாடசாலைக்குப் போனாள். படம் எடுத்தாள், நாட்களைக் குறித்தாள், கட்டுரை எழுதினாள். அனுமதியில்லாமல் வண்டைப் பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்பினால் மறியலில் அடைப்பார்கள் என்பதால் அனுப்பவில்லை. படத்தை வைத்து நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்று கட்டுரை திரும்பி வந்தது.

கடைசியில், குளிர்நாடு ஒன்றில் பூச்சிகளைச் சேர்த்து வைக்கும் நூதனசாலையிலிருந்து கலாநிதி இங்கிரிட் எழுதினார். இந்த வண்டுக் குடும்பம் முழுவதையும் அவர்தான் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார். ஐயமான பெயர்களை வெட்டுவது அவருடைய பொறுப்பு. துரையின் வண்டையும் வெட்டத்தான் இருக்கிறேன், ஆனால் அனுமதி எடுத்துக்கொண்டு ஒருமுறை வந்து பார்க்கிறேன், தீவிலேயே, என் கண்ணுக்கு முன்னால் ஒன்று கிடைத்தால் வெட்டமாட்டேன் என்று எழுதியிருந்தார். அனுமதி முடியும் நாள், கல் திறப்பு விழா நடக்கும் அதே சனிக்கிழமை. அந்தச் சனிக்கிழமைக்குள் வண்டு அகப்படாவிட்டால் துரையும் பொய்யர், துஷ்யந்தியின் பத்து வருடமும் பொய்.

இங்கிரிட்டுக்கு மட்டும் அவள் விட்டை விஷயத்தை எழுதியிருந்தாள். ஆங்கிலத்தில் அதை எழுதக் கூச்சமாக இருக்கவில்லை. ஆங்கிலத்தில் அது ஒரு பாடம். தமிழில் வாயைத் திறந்தால் அது வசவு மாதிரி வந்து விழுகிறது. அதனால் பாடசாலையில் 'அரிய வண்டு' என்றாள். நினைவுக் குழுவிலும் 'அரிய வண்டு' என்றாள். முனவ்வர் அதைக் கேட்டுவிட்டு, அரிய வண்டென்றால் அழகாகத்தானே இருக்க வேண்டும் என்று, கல்லில் ஒரு பூவின் மேல் வண்டு உட்கார்ந்திருப்பது போலப் படம் கீறுவித்தார்.

"எப்பிடி ரீச்சர், சரியா?"

"வண்டு சரி," என்றாள் துஷ்யந்தி. பூவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கூச்சம் மட்டுமென்றால் ஒருநாள் உடைத்துச் சொல்லியிருப்பாள். வீட்டில் வேறொரு காரணம் இருந்தது. கல்யாணம் பேசி வந்தபோது மாப்பிள்ளை நிறோஜன் நகரசபைக் கந்தோரில் மேற்பார்வையாளர் என்றுதான் சொன்னார்கள். துப்புரவுப் பகுதி மேற்பார்வையாளர் என்று முழுதாகச் சொல்லவில்லை. ஊரின் குப்பையெல்லாம் அவன் கணக்கில்தான் போய் வந்தது. துஷ்யந்திக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. குறை நினைத்தது அவன்தான். வேலை முடிந்து வந்தால் பின்பக்கத்தால் போய், கிணற்றடியில் முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைப்பான். "வேலை படலைக்கு வெளியிலை," என்பான். ஒருமுறை துஷ்யந்தியின் மாமா சாப்பாட்டு மேசையில் குப்பை வண்டில் பற்றி ஏதோ பகிடி விட, நிறோஜன் பாதிச் சோற்றோடு எழுந்து போனான். அன்றைக்குப் பிறகு அந்த வீட்டில் குப்பை, சாணி, நாற்றம் என்ற சொற்கள் இல்லாமல் போயின. அப்படியிருக்க, பத்து வருடமாகக் கழுதை விட்டையைப் பார்த்துக்கொண்டு திரிகிறேன் என்று அவனிடம் எந்த வாயால் சொல்வது? தன்னைக் குத்திக் காட்டுகிறாள் என்றல்லவா நினைப்பான்.

இப்படியாக, ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே பொருளை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு மரியாதையாக வாழ்ந்தார்கள்.

விழாவுக்கு முந்திய புதன்கிழமை நல்ல மழை. வியாழன் காலையில் துஷ்யந்தி கோட்டைப் பக்கம் போய்ப் பார்த்தாள். விட்டைகளின் ஓரத்தில் புது மண் குவிந்திருந்தது. வண்டு வேலையைத் தொடங்கிவிட்டது. பூரிப்போடு வீட்டுக்கு வந்தாள்.

"துஷி, வெள்ளைக்காரிக்குக் காட்டப்போற வண்டு எந்த இடத்திலை இருக்கு?" என்று நிறோஜன் கேட்டான்.

"கோட்டையடியிலை. மணலுக்குள்ளை."

"அதிலை முழுக்கக் கழுதையளெல்லோ படுத்திருக்கு. மிதிச்சுப் போடாதுகளோ?"

"மிதிக்காதுகள்."

"அந்த மணத்துக்கு மனுசி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடப்போறா."

"அவ அப்பிடியான ஆள் இல்லையப்பா."

"நீர் ஒண்டுக்கும் யோசிக்காதையும்," என்றான் நிறோஜன்.

அதை அவள் ஆறுதல் வார்த்தை என்று நினைத்தாள். அது வேலைத்திட்டம்.

வெள்ளிக்கிழமை துஷ்யந்தி தலைமன்னாருக்குப் போய் இங்கிரிட்டை ரயில் நிலையத்தில் வரவேற்றாள். பழைய இறங்குதுறையைப் பார்க்க வேண்டும் என்று இங்கிரிட் ஆசைப்பட்டதால் இருவரும் அன்று அங்கேயே விடுதியில் தங்கினார்கள். இங்கிரிட் நெடுத்த பெண். நடக்கும்போது முகம் எப்போதும் நிலத்தைப் பார்த்தே இருக்கும். கடற்கரையில் காய்ந்து கிடந்த மீன் தலை ஒன்றைக் காலால் புரட்டி, அதன் கீழிருந்த வண்டுகளுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் இவர்களைப் பார்த்துத் தங்களுக்குள் கதைத்துச் சிரித்தார்கள். துஷ்யந்திக்கு முதல் தடவையாக அந்தச் சிரிப்பு உறைக்கவில்லை.

"என்னுடைய ஆசிரியரும் அந்த மணலை அரித்தவர்தான்," என்றார் இங்கிரிட், தேநீர் குடிக்கும்போது. "சாகும்வரைக்கும் துரையைத் திட்டினார். விட்டையில் இருக்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நான் தனியாக இருந்து சிரித்தேன். ஆனால் நான் பார்க்க வேண்டும். உங்களை நம்பாமல் இல்லை. நம்பிக்கையைக் குத்தி வைக்க எங்களிடம் ஊசி இல்லை."

"நாளைக்குக் காலையில் பார்ப்பீர்கள்," என்றாள் துஷ்யந்தி. "கைநிறைய."

சனிக்கிழமை காலை அவர்களுடைய வாடகை வான் மன்னாருக்குள் நுழைந்தபோது, பஸ் நிலையத்தடியில் ஏதோ ஒன்று குறைவது போல இருந்தது. என்னவென்று உடனே பிடிபடவில்லை. வீதியின் நடுவில் நின்று வாகனங்களை மறிக்க ஒன்றுமில்லை. மீன் சந்தை வாசலில் கடதாசிப் பெட்டியைத் தின்றுகொண்டு ஒன்றுமில்லை. வீதி ஓரங்களில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. கோட்டையடி மணல், திருநாளுக்குக் கோயில் வளவைக் கூட்டிவிட்டது போல, வாரி இழுத்த கோடு கோடாய்க் கிடந்தது.

முனவ்வர் வெள்ளைச் சேட்டோடு ஓடிவந்தார். "பாத்தீங்களா ரீச்சர்? மன்னார் பிறந்த நாளிலிருந்து இப்படி ஒரு துப்புரவு இல்ல. எல்லாம் உங்கட மாப்பிள்ளைட வேலை. லீவு போட்டு, தன்ட ஆக்களோட நேத்து முழுக்க நிண்டார். ரீச்சர்ட பேருக்கு ஒரு குறை வரக்கூடாதாம்."

"கழுதையள் எங்கை?" துஷ்யந்தி கோட்டைச் சுவர்வரைக்கும் பார்த்தாள்.

"பாலத்துக்கு அங்கால துரத்தியாச்சு. திரும்பி வராம ஆள் விட்டு மறிச்சிருக்கு. அவரும் அங்கதான் நிக்கிறார்."

"அப்ப அந்த... அது... கூட்டி அள்ளினதெல்லாம்?"

"அந்தக் கேவலத்த ஏன் ரீச்சர் நல்ல நாளில? ஒரு இணுக்குக்கூட இல்ல, பாருங்க."

துஷ்யந்தி பார்த்தாள். ஒரு இணுக்குக்கூட இல்லைத்தான். இங்கிரிட் பையைத் தோளில் போட்டபடி கோடு கோடான மணலின் ஓரத்தில் வந்து நின்றார்.

"இந்த இடமா?"

"இந்த இடம்தான். முந்தாநாள் வரைக்கும்."

நிறோஜனுக்குத் தொலைபேசி எடுத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி எடுத்தாள். அதற்குள் விழாவுக்கு மங்கள விளக்கு ஏற்றக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பேச்சாளர்கள் தங்கள் தங்கள் கைக்கு வந்தபடி துரையைச் செய்தார்கள். ஒருவர் அவரைத் தமிழ் கற்றவர் ஆக்கினார். இன்னொருவர் சுற்றாடல் காவலர் ஆக்கினார். மூன்றாமவர் அவரை ரயில் பாதை போட்ட பொறியியலாளர் என்று நினைத்து, தண்டவாளத்தைப் பற்றி உருக்கமாகப் பேசினார். எல்லோரும் நகரின் துப்புரவைப் புகழ்ந்தார்கள். துரை இன்று உயிரோடு இருந்தால் இந்தச் சுத்தத்தைக் கண்டு கண்ணீர் விடுவார் என்று ஒருவர் சொன்னார். அது உண்மையாக இருக்கும் என்று துஷ்யந்தி நினைத்தாள்.

திரை விலகியது. இங்கிரிட் கல்லைக் கிட்டப்போய்ப் பார்த்தார்.

"அது என்ன பூ?"

"கீறினவருக்குப் பிடித்த பூ," என்றாள் துஷ்யந்தி.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வெயில் ஏறினால் வண்டு கீழே இறங்கிவிடும். மாலையில் இங்கிரிட் வெளிக்கிட வேண்டும். மறுநாள் எதைக் கண்டாலும் எடுக்க அவருக்கு அனுமதி இல்லை. நன்றியுரைக்கு ரீச்சரை அழைத்தார்கள்.

ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றபோதுதான், பந்தலின் கடைசியில் நிறோஜன் வந்து நிற்பதைக் கண்டாள். முழுகி, தலை வாரி, கல்யாணத்துக்குப் போட்ட நீலச் சேட்டோடு நின்றான். அவனைப் பார்த்துச் சிரித்தாள். அல்லது சிரிக்கப் பார்த்தாள். எழுதிக் கொண்டுவந்த நன்றியுரையைக் கைப்பைக்குள் வைத்தாள்.

"எல்லாருக்கும் நன்றி. ஒரு விசயம் நான் இவ்வளவு நாளும் சொல்லேல்லை. இந்த வண்டு பூவிலை இருக்கிறதில்லை. மணலிலையும் இருக்கிறதில்லை. கழுதை விட்டையிலைதான் இருக்கிறது. துரைக்குச் சொல்ல வெக்கம். எனக்கும் வெக்கமாத்தான் இருந்தது. இண்டைக்குப் பின்னேரத்துக்கு முதல் இந்த வண்டு ஒண்டு அகப்படாட்டில், இப்பிடி ஒரு வண்டு மன்னாரிலை இல்லையெண்டு எழுதுவினம். ஆரிட்டையாவது, ஆரின்ரை வளவிலையாவது, நேற்று அள்ளாமல் விட்ட விட்டை இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கோ."

முன்வரிசையில் ஒரு மாணவிக்குச் சிரிப்பு வந்து, கழுத்துப்பட்டியை வாய்க்குள் அடைத்துக்கொண்டாள். முனவ்வர் கல்லில் இருந்த பூவைத் திரும்பிப் பார்த்தார். பெரியவர்கள் தங்கள் செருப்புகளைப் பார்த்தார்கள், தற்செயலாக ஏதும் ஒட்டியிருக்குமோ என்று தேடுவது போல.

துஷ்யந்தி நிறோஜனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் முகம் கறுத்தது. திரும்பிப் போகப் போகிறான், பாதிச் சோற்றில் எழும்பின மாதிரிப் போகப் போகிறான் என்று நினைத்தாள். அவன் கதிரைகளுக்கு நடுவே முன்னுக்கு வந்தான்.

"விட்டை என்னட்டை இருக்கு," என்றான். பிறகு, அது சரியாக விளங்கியிருக்காது என்று நினைத்தவன் போல, "நான்தான் அள்ளினனான். நான் துப்புரவுப் பகுதியிலை வேலை செய்யிறனான்," என்றான்.

அவன் பன்னிரண்டு வருடமாகக் காத்த இரகசியம் அது. பந்தலில் அது தெரியாதிருந்த ஒரே ஆள் இங்கிரிட்.

"எங்கை வைச்சிருக்கிறியள்?" என்று ஒலிவாங்கியிலேயே கேட்டாள் துஷ்யந்தி.

"பாலத்துக்கு அங்காலை, பாப்பாமோட்டையிலை. ஏரம்பண்ணை கத்தரிக்குப் போடக் கேட்டவர். உழவு மெசினிலை ஏத்தி விட்டனான்."

துஷ்யந்தியும் இங்கிரிட்டும் நிறோஜனும் வானுக்குள் ஏறினார்கள். முனவ்வர் தானும் வருவேன் என்று வெள்ளைச் சேட்டோடு முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். பாலத்துக்கு அப்பால், நிறோஜனின் ஆட்கள் தடிகளோடு வரிசையாக நிற்க, கழுதைகள் அவர்களுக்கு எதிரே நகரத்தைப் பார்த்தபடி நின்றன. அவசரம் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. எப்படியும் விடத்தானே வேண்டும் என்பது போல நின்றன.

"பத்து வருசமா விட்டையையோ பாத்துக்கொண்டு திரிஞ்சனீர்?" என்றான் நிறோஜன், யன்னலைப் பார்த்தபடி.

"ஓம்."

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"வீட்டிலை அந்தக் கதையே கதைக்கக் கூடாதெண்டு சொன்னது நீங்கள்தானே."

"அது என்ரை விட்டையையெல்லோ சொன்னனான். உம்மடை விட்டையை ஆர் சொன்னது?"

முன் இருக்கையில் முனவ்வருக்கு இருமல் வந்தது.

ஏரம்பு எழுபது வயதிலும் மண்வெட்டியை இன்னொருவர் கையில் கொடாத மனிதர். வான் வந்து படலையில் நின்றதும் நிலைமையைத் தப்பாக விளங்கிக்கொண்டார்.

"தம்பி, தந்ததைத் திருப்பிக் கேக்கிற பழக்கம் தீவிலை இருக்கோ? வெள்ளைக்காரியையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாய். விசாரணையோ?"

"இல்லையண்ணை. அதுக்குள்ளை ஒரு வண்டு பாக்கவேணும்."

"வண்டோ? அப்ப நீ எனக்குப் பூச்சி பிடிச்ச எருவோ தந்தனீ?"

கத்தரிப் பாத்தி முழுவதும் விட்டை பரவிக் கிடந்தது. இங்கிரிட் முழங்காலில் இருந்து, வெறுங்கையால் கிளறிப் பார்த்தார். கிளறிய இடமெல்லாம் வண்டுகள் ஓடின. துஷ்யந்தி குனிந்து எட்டிப் பார்த்தாள். ஆனால் இங்கிரிட் தலையை அசைத்தார்.

"நாலு பல் இருந்தாலும் இதை நான் எடுக்க முடியாது. நேற்றிலிருந்து திறந்து கிடக்கிறது. இந்த ஊர் வண்டுகள் மணத்துக்கு வந்து சேர்ந்திருக்கும். இங்கே பிடித்தால், இது பாப்பாமோட்டை வண்டு, தீவில் இல்லை, துரை பொய் சொன்னார் என்றுதான் எழுத வேண்டி வரும்."

துஷ்யந்தி அதைத் தமிழில் சொன்னாள். ஏரம்பு தன் ஊர் வண்டுக்கு என்ன குறை என்று கேட்டார். நிறோஜன் பாத்தியையும் வெறும் உரப்பைகளையும் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணை, எல்லாப் பையையும் அவிழ்த்துப் போட்டியளோ?"

ஏரம்பு வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்குப் பின்பக்கத்திலிருந்து அவருடைய மனைவி சிவலட்சுமியின் குரல் வந்தது.

"ஒண்டு இருக்கு. அது என்ரை மல்லிகைக்கு. அதை ஒருத்தரும் தொடக்கூடாது."

பை மல்லிகைப் பந்தலின் கீழ் கட்டியபடி இருந்தது. அதன்மேல் சிவலட்சுமி இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, வண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தந்திடுவம்," என்றாள் துஷ்யந்தி.

"விட்டையை எண்ணியோ தருவியள்?"

"ஒரு துணிக்கையும் கொண்டுபோக மாட்டம்."

சிவலட்சுமி இங்கிரிட்டின் கைகளைப் பார்த்தார். முழங்கை வரைக்கும் விட்டை. அதைக் கண்ட பிறகுதான் அவருக்கு நம்பிக்கை வந்தது. துருவலையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

இதை யார் கட்டியது, இடையில் யாராவது திறந்தார்களா என்று இங்கிரிட் கேட்டார். நிறோஜன் குனிந்து முடிச்சைத் தொட்டான்.

"இது என்ரை முடிச்சு. நான் மட்டும்தான் இப்பிடிப் போடுறனான். கீழ்ப்பக்கத்தாலை இழுத்தால்தான் அவிழும்," என்றான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் கூச்சம் இருக்கவில்லை. "கோட்டையடியிலை அள்ளினது இது. மேலாலை மட்டும் கூட்டினால் மணம் நிக்கும் எண்டு, ஒரு சாண் மண்ணோடை சேத்து வெட்டி எடுத்தனான்."

மண்ணோடு என்று கேட்டதும் துஷ்யந்தி இங்கிரிட்டைப் பார்த்தாள். அதை மொழிபெயர்க்க அவளுக்கு ஒரு கணம் எடுத்தது. வண்டு மண்ணுக்குள் எவ்வளவு ஆழம் போகுமோ, அவ்வளவு ஆழத்துக்குத்தான் நிறோஜன் சுத்தம் செய்திருக்கிறான்.

"அப்படியானால் இந்தப் பைக்குள் இருப்பது தீவு," என்று இங்கிரிட் வெள்ளைத் துணி ஒன்றை விரித்தார். நிறோஜன் முடிச்சை இழுத்தான். விட்டையும் ஈரமணலும் சேர்ந்து துணியில் சரிந்தன. முதலில் ஒன்றும் அசையவில்லை. பிறகு சின்னச் சின்னக் கபில வண்டுகள் நாலு திசைக்கும் ஓடின. அவற்றை இங்கிரிட் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பிறகு ஈரமணல் ஓரிடத்தில் பொம்மி, புளியங்கொட்டை ஒன்று வெளியே வந்தது.

இங்கிரிட் அதை எடுத்து உள்ளங்கையில் மல்லாக்கப் போட்டார். கண்ணாடியை வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைத் துஷ்யந்தியிடம் கொடுத்தார். துஷ்யந்தி பார்த்துவிட்டு நிறோஜனிடம் கொடுத்தாள். அவன் பார்த்துவிட்டு, "மண்வெட்டி மாதிரிக் கிடக்கு," என்றான்.

அதற்குள் துணியில் இன்னும் சில புளியங்கொட்டைகள் நடந்துகொண்டிருந்தன. துரை மன்னாரில் இருந்த காலம் முழுக்க, இரண்டு அந்தோனிகளையும் விரட்டி விரட்டி இந்த இனத்தில் சேர்த்தது ஒன்று. நிறோஜன் ஒரு வெள்ளிக்கிழமையில், அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல், மனைவியின் பேருக்குக் குறை வரக்கூடாதென்று அதைவிடக் கூடச் சேர்த்துவிட்டான்.

ஊசியில் வண்டுக்குக் கீழே குத்துகிற பெயர்த்துண்டு நகமளவுதான் இருக்கும். எழுதக் கொஞ்ச இடம்தான். இங்கிரிட் மல்லிகைப் பந்தலடியில் இருந்து, மெல்லிய பேனாவால் எழுதிக்கொண்டே வாசித்தார். "மன்னார்த் தீவு, கோட்டையடி. கழுதை விட்டையில். சேகரித்தவர்..." நிமிர்ந்து பார்த்தார். "நிலத்திலிருந்து எடுத்தவர் பெயரைத்தான் போட வேண்டும். அதுதான் முறை."

துஷ்யந்தி தமிழில் சொன்னதும் நிறோஜன் பதறிப்போனான். "என்ரை பேர் வேண்டாம். அவதான் பத்து வருசமாப் பாத்தவ. நான் குப்பையெண்டு அள்ளினனான்."

இடம் ஒரு பெயருக்குத்தான் இருந்தது. துஷ்யந்திக்கு உள்ளே ஏதோ கொஞ்சம் இழுத்தது. இல்லையென்று சொல்ல முடியாது. அந்தத் துண்டு தன் காலத்துக்குப் பிறகும், இங்கிரிட்டின் காலத்துக்குப் பிறகும் நூதனசாலை லாச்சி ஒன்றுக்குள் இருக்கும். பத்து மாரி. நனைந்த சப்பாத்தோடு வகுப்புக்குப் போன காலைகள்.

"முறையெண்டால் முறைதானே," என்றாள். "அந்த ரெண்டு அந்தோனியளின்ரை பேரையும் ஒருத்தரும் போடேல்லை. உங்கடையையாவது போடட்டும்."

"ஆர் அந்தோனி?" என்றான் நிறோஜன்.

"வீட்டை போய்ச் சொல்லுறன்."

சிவலட்சுமி விட்டையைத் திருப்பிப் பைக்குள் அள்ளும்வரைக்கும் கூடவே நின்று பார்த்தார்.

மறுநாள் பூசை முடிந்து வரும்போது இருவரும் கோட்டைப் பக்கத்தால் வந்தார்கள். கழுதைகள் பாலம் தாண்டி வந்து, முன்பு படுத்த இடங்களிலேயே படுத்திருந்தன. ஒன்று மட்டும் நினைவுக்கல்லோடு உடம்பைத் தேய்த்துக்கொண்டு நின்றது. பூவின் மேல் உட்கார்ந்திருந்த வண்டுக்கு நேர் கீழே, கல்லின் அடியில், புத்தம்புதிதாக விட்டை கிடந்தது.

நிறோஜன் நின்றான். கைகள் தாமாகவே விளக்குமாறு தேடுவது போல அசைந்தன. பிறகு மனைவியைப் பார்த்தான்.

"துஷி, இதை என்ன செய்யிறது?"

துஷ்யந்தி குனிந்து பார்த்தாள். ஓரத்தில் மணல் மெல்லப் பொம்மத் தொடங்கியிருந்தது.

"நாளைக்குக் கூட்டலாம்," என்றாள். "சாப்பாட்டு நேரம் அவைக்கு."